கோடையில் வின்னிபசாக்கி ஏரியின் சால்மன் எந்த ஆழத்தில் நிற்கும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வின்னிபசாக்கி ஏரியில் மீன்வளத் துறை ஆண்டுதோறும் சால்மன் குஞ்சுகளை விடுகிறது, நீங்கள் ஜூலை மாதத்தில் ஒரு சிறிய படகில் போய், ஏரியின் ஆழமான பகுதிகளில் 100 அடி வரை தூண்டிலை இறக்கிப் பார்த்தும் ஒரு சால்மன்கூடக் கடிக்கவில்லை, ஒலியலையால் மீனைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் திரையிலோ அடித்தரையை ஒட்டி மீன்கள் தெரிகின்றன, அப்படியானால் தூண்டிலை வேண்டிய ஆழத்தில் நிறுத்தும் டவுன்ரிகர் கருவியை வாங்கினால் பலன் உண்டா, அல்லது விட்ட குஞ்சுகள் பிழைப்பதே இல்லையா? பார்வைக்கு இவை இரண்டு கேள்விகள். ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, வெயில் காலத்தில் அந்த மீன் நீரின் எந்த அடுக்கில், எதற்காக நிற்கிறது என்பதைத்தான் என்று நினைக்கிறேன். அது விளங்கிவிட்டால் எந்தக் கருவியை வாங்குவது என்பது சிறிய விஷயமாகிவிடும். நான் மீன்வள அறிவியல் படித்தவன். நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் ஏரிகளில் பல ஆண்டுகளாகத் தூண்டில் போட்டு வருகிறேன். கீழே சொல்வது அந்த ஏரிகளுக்குப் பொருந்தும். மேற்கு மாநில ஏரிகளில் உள்ள கொக்கனி சால்மன் வேறு இனம். அது பெரும்பாலும் நுண்ணிய மிதவை உயிரிகளைத் தின்பது. அதைப் பிடிக்க இந்தக் கணக்கு உதவாது.

முதலில் மீனைப் பற்றி. லேண்ட்லாக்டு சால்மன் என்று அங்குள்ளவர்கள் சொல்லும் இந்த மீன், கடலுக்குப் போய்த் திரும்பும் அட்லாண்டிக் சால்மனின் அதே இனந்தான். கடைகளில் கிடைக்கும் பண்ணை சால்மனும் இதே இனம். மெய்ன் மாநிலத்தில் செபேகோ, செபெக், கிரீன் லேக், வெஸ்ட் கிராண்ட் லேக் ஆகிய ஏரிகள் அமைந்த நான்கு ஆற்றுப் படுகைகளில் இது கடலுக்குப் போகாமலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தது. இன்று நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களின் மற்ற ஏரிகளில் நாம் பிடிப்பவை, அங்கிருந்து முட்டை எடுத்து, பொரிப்பகத்தில் வளர்த்து விடப்பட்ட மீன்களும் அவற்றின் வழிவந்தவையும்தான். கடலில் வளரும் சால்மனுக்குக் கிடைக்கும் இரையின் இடத்தை ஏரியில் நிரப்புவது ஸ்மெல்ட் என்ற விரல் நீளமுள்ள வெள்ளிநிறச் சிறுமீன். 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று செபேகோ ஏரியில் பிடிபட்ட இருபத்திரண்டரை பவுண்டு சால்மன்தான் இவ்வகையில் இன்றளவும் உலகச் சாதனையாகச் சொல்லப்படுகிறது. வின்னிபசாக்கியில் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. அங்கே மூன்று நான்கு பவுண்டு மீன் கிடைத்தால் அது நல்ல மீன்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஆழமான ஏரி கோடையில் ஒரே நீராக இருப்பதில்லை. வெயிலில் சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலே தங்கிவிடுகிறது. குளிர்ந்த கனமான நீர் அடியில் கிடக்கிறது. காற்று எவ்வளவு அடித்தாலும் அது கலக்குவது மேலடுக்கைத்தான். இரண்டுக்கும் இடையில் சில அடிகளுக்குள் வெப்பநிலை சட்டென்று இறங்கும் ஓர் அடுக்கு உருவாகிறது. இதைத்தான் தெர்மோக்ளைன் என்கிறோம். ஜூலை நடுவில் வின்னிபசாக்கியின் மேற்பரப்பு 23, 24 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 60 அடிக்குக் கீழே போனால் 10 டிகிரிக்கும் குறைவாக இருக்கும். சால்மன் விரும்பும் வெப்பநிலை ஏறக்குறைய 10 முதல் 14 டிகிரி வரை, அதாவது ஃபாரன்ஹீட் கணக்கில் 50 முதல் 57 வரை. ஆகவே ஏரி 180 அடி ஆழம் இருந்தாலும், சால்மன் வசதியாக இருக்கும் நீர் ஜூலையில் பெரும்பாலும் 25 அடிக்கும் 45 அடிக்கும் இடைப்பட்ட ஒரு மெல்லிய படலம்தான். அந்த ஏரியின் ஆழத்தில் பெரும்பகுதி சால்மனைப் பொறுத்தவரை வெறுமையானது. நீங்கள் 100 அடியில் இழுத்தபோது உங்கள் ஸ்பூன் (மீன்போல மின்னும் உலோகத் தகட்டு இரை) மீனுக்கு வெகு கீழே போய்க்கொண்டிருந்தது.

திரையில் அடித்தரையை ஒட்டித் தெரிந்தவை எவை என்றால், அவை பெரும்பாலும் லேக் ட்ரவுட் என்றே கொள்ளலாம். அது அந்த ஏரியில் இயல்பாகவே வாழ்ந்துவரும் மீன்; சால்மனைவிடக் குளிர்ந்த நீரை விரும்புவது; தரையோரம் படுத்துக் கிடக்கும் பழக்கமுள்ளது. திரையைப் பார்த்து மட்டும் இனத்தை உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கோடையில் 100 அடித் தரையில் தெரியும் பெரிய வளைவுக் கோட்டைச் சால்மன் என்று எண்ணி அதன் பின்னால் அலைவது வீண்வேலை. நீங்கள் திரையில் தேட வேண்டியது வேறு: 35, 40 அடி ஆழத்தில், தரையோடு தொடர்பில்லாமல் புகைபோலப் பரவியிருக்கும் கூட்டம். அது ஸ்மெல்ட் கூட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் மேல்விளிம்பில் தனித்தனிக் கோடுகள் தெரிந்தால் அங்கேயே சுற்றுங்கள்.

ஆழத்தை ஊகிப்பதைவிட அளப்பது நல்லது. அதற்குப் பெரிய செலவில்லை. குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்றை, பத்தடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றில் எடையோடு கட்டி, 20, 30, 40, 50 அடிகளில் இரண்டு நிமிடம் நிறுத்தி, விரைவாகத் தூக்கிப் பார்த்தால் போதும். தூக்கும்போது மேல்நீரில் அளவு சற்று ஏறிவிடும் என்பதால், ஒரு சிறு மூடிய குப்பிக்குள் வெப்பமானியை வைத்து, குப்பியில் நீர் நிறையும்படி ஒரு துளை இட்டுக்கொண்டால் இன்னும் சரியாக இருக்கும். எந்த இரண்டு முடிச்சுகளுக்கு இடையில் எண் அதிகமாக இறங்குகிறதோ அங்கேதான் நீங்கள் தேடும் அடுக்கு இருக்கிறது. இரண்டு மூன்று நாள் ஒரே திசையில் பலமாகக் காற்றடித்திருந்தால், காற்று போய்ச் சேரும் கரைப்பக்கம் சூடான நீர் குவிந்து அந்த அடுக்கு கீழே அழுந்தும். காற்று புறப்படும் பக்கம் அது மேலேறும். அதனால் போன வாரம் 35 அடியில் மீன் கிடைத்தது என்று நண்பர் சொன்னதை அப்படியே நம்பாமல், அன்றன்று ஒருமுறை அளந்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கத்தை நான் எந்தக் கருவிக்கும் மேலாக மதிக்கிறேன்.

அடுத்து, அந்த ஆழத்துக்குத் தூண்டிலைக் கொண்டுபோவது. இங்கே வழக்கிலுள்ள முறை ட்ரோலிங்: படகை மெல்ல ஓட்டிக்கொண்டே பின்னால் இரையை இழுத்துச் செல்வது. டவுன்ரிகர் என்பது கம்பிவடத்தில் கனமான குண்டைத் தொங்கவிட்டு, அதில் தூண்டில் நரம்பைக் கவ்வவைத்து, வேண்டிய ஆழத்தில் நிறுத்தும் கருவி. ஆழத்தைத் துல்லியமாக வைத்திருக்கவும், மீன் கடித்தபின் எடையில்லாத மெல்லிய நரம்பில் அதை இழுத்துவரவும் அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனாலும் சிறிய படகில் தனியாகப் போகும் உங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஈய நரம்பு. பின்னிய நைலான் உறைக்குள் மெல்லிய ஈய இழை ஓடும் இந்த நரம்பில் பத்து கஜத்துக்கு ஒருமுறை நிறம் மாறும். அதனால் இங்குள்ளவர்கள் ஆழத்தை “எத்தனை நிறம் விட்டாய்” என்றுதான் கேட்பார்கள். மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ ஐந்தடி இறங்கும் என்பது பொதுக் கணக்கு. ஏழு நிறம் விட்டால் 35 அடி. வேகம் கூடினால் நரம்பு மேலேறும், குறைந்தால் தாழும், இரையின் வடிவமும் நரம்பின் பருமனும் இதை மாற்றும். எனவே பொதுக் கணக்கோடு நிற்காமல், மணல் தரையும் தெரிந்த ஆழமும் உள்ள ஓரிடத்தில் உங்கள் வழக்கமான வேகத்தில் இழுத்து, எத்தனையாவது நிறத்தில் ஸ்பூன் தரையைத் தட்டுகிறது என்று ஒருமுறை சோதித்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஈய நரம்பின் முனையில் 20 முதல் 30 அடி வரை எட்டு அல்லது பத்து பவுண்டு இழுவையைத் தாங்கும், நீரில் எளிதில் தெரியாத ஃப்ளோரோகார்பன் நரம்பைக் கட்டி, அதன் நுனியில் இரையைக் கோக்க வேண்டும். அந்த ஏரியின் தெளிந்த நீரில் தடித்த நிற நரம்பு இரைக்கு அருகில் இருக்கக் கூடாது. ஆகஸ்ட் கடைசியில் குளிர் அடுக்கு 50 அடிக்குக் கீழே இறங்கும்போது பத்து நிறமும் விட வேண்டிவரும்; நூறு கஜம் ஈய நரம்பின் பின்னால் இரண்டு பவுண்டு மீன் துடிப்பதே கைக்குத் தெரியாது. டவுன்ரிகரின் விலைக்குப் பொருள் வருவது அப்போதுதான். அதுவரை பொறுங்கள்.

அளந்த ஆழத்துக்குச் சற்று மேலேயே இரை ஓடட்டும், கீழே வேண்டாம். சால்மன் மேல்நோக்கிப் பார்த்து, மேலேறி வந்து கடிக்கும் மீன். தனக்குக் கீழே போவதை அது பெரும்பாலும் கவனிப்பதில்லை. வேகத்திலும் இது லேக் ட்ரவுட்டிலிருந்து வேறுபட்டது. லேக் ட்ரவுட்டுக்கு ஊர்ந்து போகும் வேகம் போதும். சால்மனுக்கு மணிக்கு இரண்டு முதல் இரண்டரை மைல் வேண்டும். இறகும் மயிரும் கட்டிச் சிறுமீன்போலச் செய்த ஸ்ட்ரீமர் என்ற செயற்கை ஈயை மேற்பரப்பில் இழுக்கும்போது மூன்று மைலையும் தாண்டலாம். ஜி.பி.எஸ். காட்டுவது கரையைப் பொறுத்த வேகம். காற்றால் நீர் நகரும்போது இரை உணரும் வேகம் அதிலிருந்து மாறும். ஆகவே எண்ணைவிட, தூண்டில் கோலின் நுனி எப்படி அதிர்கிறது என்பதைப் பாருங்கள். நேர்கோட்டில் போகாமல் பெரிய வளைவுகளாகப் படகைத் திருப்பிக்கொண்டே போனால், வெளிப்புற நரம்பு வேகமெடுக்கும், உட்புற நரம்பு தளர்ந்து தாழும். எந்தப் பக்கக் கோலில் கடி விழுகிறது என்பதே அன்றைக்கு மீனுக்கு வேண்டியது வேகமா நிதானமா என்று சொல்லிவிடும்.

எந்த இரை, எந்த நிறம் என்பதில் உறுதியானது எது, ஐயத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்ல விரும்புகிறேன். இரையின் நீளமும் உருவமும் ஸ்மெல்ட்டை ஒத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. இரண்டரை முதல் மூன்றரை அங்குலம் வரையுள்ள, மெல்லிய தகட்டாலான, ஒடுங்கிய வெள்ளி ஸ்பூன் இதற்குப் பொருந்தும். மெய்னில் கேரி ஸ்டீவன்ஸ் உருவாக்கிய கிரே கோஸ்ட் என்ற ஸ்ட்ரீமர் ஈ இன்றும் விற்பதற்குக் காரணம், நீரில் அது ஸ்மெல்ட்டைப் போலவே ஒல்லியாக அசைவதுதான். ஆழம் கூடக்கூடச் சிவப்பு நிறம் முதலில் மங்கிவிடும் என்பதும் உறுதி. 40 அடியில் சிவப்புப் பட்டை உங்கள் கண்ணுக்குத் தெரிவதுபோல மீனுக்குத் தெரியாது. ஆனால் ஆரஞ்சு ஸ்பூன் மேகமூட்ட நாளுக்கு, செம்பு நிறம் விடியலுக்கு, ஊதா ஆகஸ்டுக்கு என்று கடைக்காரர்களும் அனுபவசாலிகளும் சொல்லும் விதிகளை நான் நம்பிக்கையோடு உங்களுக்குத் தர மாட்டேன். ஒருவர் ஒரு நிறத்தை நம்பி நாள் முழுதும் அதையே இழுத்தால், அவருக்குக் கிடைக்கும் மீனெல்லாம் அந்த நிறத்தில்தான் கிடைக்கும். அதிலிருந்து நிறத்தின் வலிமை நிரூபணமாகாது. நிலவின் நிலை பற்றிய அட்டவணைகளும் அப்படியே. வெளிச்சம் பற்றிய விஷயம் இதிலிருந்து வேறு: ஸ்மெல்ட் இருளில் மேலேறி, வெளிச்சம் கூடும்போது கீழிறங்கும், அதனால் விடியலுக்கு முன்னும் பின்னுமான இரண்டு மணி நேரம் மீனும் இரையும் நெருக்கமாக இருக்கும் நேரம். காலை ஒன்பது மணிக்குப் படகை இறக்குகிறவர் அன்றைய நல்ல நேரத்தை ஏற்கெனவே விட்டுவிட்டார்.

விட்ட குஞ்சுகள் பிழைக்கின்றனவா என்ற கேள்விக்கு: பிழைக்கின்றன, ஆனால் நீங்கள் எண்ணுகிற விதத்தில் அல்ல. வசந்தகாலத்தில் ஏரிக்குள் விடப்படுபவை ஓராண்டு வளர்ந்த, ஆறேழு அங்குலக் குஞ்சுகள். அவை சட்டம் அனுமதிக்கும் 15 அங்குலத்தைத் தொட ஓரிரண்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் லேக் ட்ரவுட்டும், மூழ்கி மீன் பிடிக்கும் லூன் என்ற நீர்ப்பறவையும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். விடும் எண்ணிக்கையை இருமடங்காக்கினால் பிடிபடும் மீனும் இருமடங்காகும் என்று நினைப்பது இயல்பு. அப்படி நடப்பதில்லை. ஏரியில் ஸ்மெல்ட் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சால்மன் இறைச்சிதான் உருவாகும். அளவுக்கு மீறி விட்டால் ஸ்மெல்ட் குறைந்து, தலை பெருத்து உடல் ஒல்லியான மீன்களே கிடைக்கும். நியூ ஹாம்ப்ஷயர் மீன்வளத் துறை கோடை இரவுகளில் ஒலியலைக் கருவி மூலம் ஸ்மெல்ட்டின் அளவைக் கணித்து, இலையுதிர் காலத்தில் சால்மனை வலையில் பிடித்து நீளத்தையும் எடையையும் அளந்து, அதற்கேற்ப விடும் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது இதனால்தான். ‘இன்னும் அதிகமாக விடுங்கள்’ என்று தூண்டில்காரர்கள் கோரிக்கை எழுப்பும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. நாம் விரும்பும் மீனையே மெலியச் செய்யும் கோரிக்கை அது.

இந்தச் சமன்பாடு எவ்வளவு எளிதில் குலையும் என்பதற்கு இரண்டு ஏரிகளைச் சொல்கிறேன். செபேகோ, மேலே சொன்ன நான்கு தாயக ஏரிகளில் ஒன்று. அங்கே 1972ஆம் ஆண்டில் லேக் ட்ரவுட்டை அறிமுகப்படுத்தினார்கள்; அது தானாகவே பெருகி, அதே ஸ்மெல்ட்டுக்குச் சால்மனோடு போட்டியிட்டது; பின்னர் லேக் ட்ரவுட்டை அதிகம் பிடித்துக் கொண்டுபோகும்படி தூண்டில்காரர்களை மாநிலமே ஊக்கப்படுத்த வேண்டியதாயிற்று. வெர்மான்ட், நியூயார்க் மாநில எல்லையிலுள்ள ஷாம்ப்ளெய்ன் ஏரியில் 2003ஆம் ஆண்டு வாக்கில் ஏல்வைஃப் என்ற வெளிமீன் நுழைந்தது தெரியவந்தது. அதைத் தின்று சால்மன் நன்றாகக் கொழுக்கிறது. ஆனால் ஏல்வைஃபின் உடலில் தையமினேஸ் என்ற நொதி உள்ளது. அது பி1 வைட்டமினைச் சிதைப்பதால், அதைத் தின்ற தாய்மீனின் முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் பலவீனப்பட்டு இறக்கின்றன. படகையும் இரைத்தொட்டியையும் ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குக் கொண்டுபோகும்போது, நீரை வடித்து, உலர்த்தி, மீதமான இரைமீனை ஏரியில் கொட்டாமல் இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

உங்களுக்கு இன்னொரு யோசனையும் உண்டு. கோடையோடு மல்லுக்கட்டுவதைவிட, ஏப்ரலில் போங்கள். பனி உருகும் பருவத்தில் ஏரி முழுதும் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியில் இருக்கும். அடுக்கு எதுவும் இல்லை. அப்போது ஸ்மெல்ட் முட்டையிட ஓடைவாய்களை நோக்கி இரவில் நகரும். சால்மன் அதன் பின்னால் கரையோரம் வந்துவிடும். ஏப்ரல் 1 அன்று பருவம் திறக்கும்போது ஏரியின் பெரும்பகுதி உறைந்தே கிடந்தாலும், நீரோட்டத்தால் முன்னதாகவே பனி விடும் வீர்ஸ் கால்வாயிலும், லாங் ஐலண்ட் பாலத்தடியிலும், படகுத்துறைகளிலும் நின்று, படகே இல்லாமல் மேற்பரப்பில் ஸ்பூன் வீசிச் சால்மன் பிடிப்பவர்கள் ஏராளம். பனி எப்போது விடும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். வழக்கமாக ஏப்ரல் பின்பாதி. 2024ஆம் ஆண்டில் மார்ச் 17 அன்றே விட்டுவிட்டது. ஏழெட்டு டிகிரி நீரில் விழுந்தால் கைகால்கள் சில நிமிடங்களில் செயலிழக்கும். அந்தப் பருவத்தில் உயிர்காப்பு உடையைப் படகில் வைத்திருப்பது போதாது, உடலில் அணிந்திருக்க வேண்டும்.

பிடித்த மீனைத் திருப்பி விடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தூண்டில்முள்ளால் வாயும் கண்ணோரமும் கிழிந்த சால்மன்கள் இலையுதிர் கால வலைப்பிடிப்பில் கணிசமாகக் காணப்படுகின்றன. அதே நீளமுள்ள காயமற்ற மீன்களைவிட அவை எடை குறைந்திருக்கின்றன என்று துறையின் அளவீடுகள் காட்டுகின்றன. காரணம் பெரும்பாலும் அளவுகுறைந்த மீனின் வாயிலிருந்து மும்முனை முள்ளைப் பிடுங்குவதுதான். ஸ்பூனில் உள்ள மும்முனை முள்ளைக் கழற்றிவிட்டு, நுனியருகே உள்ள எதிர்க்கூரை நசுக்கிய ஒற்றை முள்ளைப் போடுங்கள். அளவு குறைந்த மீனைப் படகுக்குள் ஏற்றாமல், நீரிலேயே வைத்து இடுக்கியால் முள்ளைத் திருப்பி விடுவியுங்கள். ஏற்றத்தான் வேண்டும் என்றால் ரப்பர் வலை. நைலான் வலை செதிலையும் வழவழப்பையும் உரித்துவிடும். ஆகஸ்டில் 12 டிகிரி நீரிலிருந்து இழுக்கப்பட்ட மீன் 24 டிகிரி மேல்நீரில் மூச்சுத்திணறும். அந்த மாதத்தில், இரண்டு நல்ல மீன் கிடைத்தால் அவற்றை வைத்துக்கொண்டு தூண்டிலைச் சுருட்டிவிடுவதே, பிடித்துப் பிடித்து விடுவதைவிட மீனுக்கு நல்லது என்பது என் கருத்து. இதில் என்னோடு உடன்படாத அனுபவசாலிகளும் இருக்கிறார்கள்.

சட்ட விவரங்களில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இவை. வின்னிபசாக்கியில் சால்மன் பருவம் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. பனிக்கட்டியில் துளையிட்டுச் சால்மன் பிடிக்க அனுமதி இல்லை. சால்மனுக்குக் குறைந்தபட்சம் 15 அங்குலம், லேக் ட்ரவுட்டுக்கு 18 அங்குலம். ஆகவே இரண்டையும் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். கரும்பச்சை அல்லது சாம்பல் உடலில் வெளிர்ப் புள்ளிகளும் ஆழமாகப் பிளந்த வாலும் இருந்தால் லேக் ட்ரவுட். வெள்ளி உடலில் கரும்புள்ளிகள் இருந்தால் சால்மன். ஓர் அவுன்ஸ் அல்லது அதற்குக் குறைந்த எடையுள்ள ஈய எடைக்குண்டுகளும் ஈய ஜிக்குகளும் (ஈயத் தலை வைத்த தூண்டில்முட்கள்) நியூ ஹாம்ப்ஷயரில் தடைசெய்யப்பட்டவை, ஏனெனில் அவற்றை விழுங்கும் லூன் பறவைகள் ஈய நஞ்சேறி இறக்கின்றன. எடை தேவைப்பட்டால் டங்ஸ்டன் அல்லது எஃகு வாங்குங்கள். வளர்ந்த மீன்களில் பாதரசம் சேர்வதால், கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் மாதத்துக்கு எவ்வளவு உண்ணலாம் என்று மாநிலம் தனியே அறிவுரை வெளியிடுகிறது. வீட்டில் அப்படி யாரேனும் இருந்தால் சமைப்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். இந்த விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படக்கூடியவை என்பதால், உரிமம் வாங்கும்போதே அவ்வாண்டின் விதிப்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, அதில் அந்த ஏரியின் பெயருக்கு எதிரே உள்ள வரியைப் பார்த்துவிட்டுப் படகை இறக்குங்கள்.